ஆய்வுக் கணக்கில் சேராத 480 நாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கடந்த ஞாயிறு வணிகப் பக்கக் கட்டுரையில், “தொழிலாளர் சட்டங்கள் கடுமையாக இருப்பதால்தான் முதலாளிகள் ஆள் எடுக்கப் பயப்படுகிறார்கள், இது ஆய்வுகளில் நிரூபணமான உண்மை” என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. நீண்ட நாள் வாசகன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது லேத் இயந்திரத்தில் கடைசல் வேலை, படித்தவன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் உழைத்தே என் இளமை போயிற்று. ஆனால் அந்தக் கம்பெனியின் ஆளாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. காண்ட்ராக்ட். பக்கத்து லேத்தில் நின்றவர் பெர்மனென்ட். அவருக்கும் எனக்கும் ஒரே டிராயிங், ஒரே அளவு, ஒரே டார்கெட். சட்டையின் நிறம் வேறு, சம்பளம் வேறு, தீபாவளிக்கு அவருக்கு போனஸ், எனக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

1981இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. 24 மாத காலத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்பது அது. நல்ல சட்டம். அதை எப்படிக் கையாண்டார்கள் என்று கம்பெனி வாசலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 480 நெருங்கும்போது ‘பிரேக்’ கொடுத்துவிடுவார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருக்க வேண்டும். திரும்பி வந்தால் காண்ட்ராக்டர் பெயர் மாறியிருக்கும், கேட் பாஸ் புதிது, பி.எஃப். எண்ணும் புதிது. லேத் மட்டும் பழையது. ஐந்து ஆண்டு முடித்தால் பணிக்கொடை என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. எந்தக் காண்ட்ராக்டரிடமும் ஐந்து ஆண்டு முடிக்க என்னை விட்டதே இல்லை.

ஆள் எடுக்க யார் பயந்தார்கள்? எங்களை எடுக்கவும் பயமில்லை, அனுப்பவும் பயமில்லை. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையில் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும் என்று 2025 நவம்பர் வரை இருந்த விதியைத்தான் கட்டுரையாளர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். என்னைப் போன்றவர்களை அனுப்ப எந்த அனுமதியும் தேவைப்படவில்லை. காண்ட்ராக்டர் போனில் “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்றால் முடிந்தது.

எந்த ஆய்வு என்று கட்டுரையாளர் பெயர் சொல்லவில்லை. இப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2004இல் வந்த ஒரு ஆய்வைத்தான் மனதில் வைத்திருப்பார்கள் என்று பொருளியல் முதுகலை படித்த என் மகள் சொன்னாள். திமோதி பெஸ்லி, ராபின் பர்ஜஸ் என்ற இரண்டு லண்டன் பேராசிரியர்கள் செய்தது. 1947ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டத்துக்கு ஒவ்வொரு மாநிலமும் செய்த திருத்தங்களை எடுத்து, தொழிலாளிக்குச் சாதகம் என்றால் கூட்டல் ஒன்று, முதலாளிக்குச் சாதகம் என்றால் கழித்தல் ஒன்று என்று மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். 1958 முதல் 1992 வரையிலான கணக்கு. தொழிலாளி பக்கம் சாய்ந்த மாநிலங்களில் பதிவுபெற்ற தொழிற்சாலைகளின் உற்பத்தியும் வேலைவாய்ப்பும் குறைந்தன என்பது முடிவு.

மகள் வரிவரியாகப் படித்துச் சொல்லக் கேட்டேன். அதில் தமிழ்நாடு முதலாளிக்குச் சாதகமான மாநிலம். கேரளாவும் அப்படியே! எங்கள் 480 நாள் சட்டம் தனிச் சட்டம், தொழிற்தகராறு சட்டத்தின் திருத்தம் அல்ல. அதனால் அந்த மதிப்பெண்ணில் அது வரவே இல்லை. டெல்லி பொருளியல் பள்ளியின் ஆதித்ய பட்டாச்சார்ஜியா இந்த மதிப்பெண் முறையையே கடுமையாக மறுத்து எழுதியிருக்கிறார். தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்த கூட்டு நிர்வாகக் குழுவுக்குப் பிரதிநிதி நியமிக்காத நிர்வாகத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம் என்ற 1973ஆம் ஆண்டுத் திருத்தம் ஒன்றை வைத்தே குஜராத் தொழிலாளி பக்கம் சாய்ந்த மாநிலமாகிவிட்டது என்று அவர் காட்டுகிறார். அறிஞர்களுக்குள் இவ்வளவு வழக்கு நடக்கும் விஷயத்தை, தீர்ப்பு வந்துவிட்டது போலத் தங்கள் பத்திரிகை அச்சிடலாமா?

கூலியை உயர்த்தினால் வேலை போய்விடும் என்றும் அதே கட்டுரை மிரட்டுகிறது. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்கேயும் பக்கத்து பென்சில்வேனியாவிலுமாக 410 துரித உணவகங்களில் விசாரித்து, அந்த உயர்வால் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். அதற்கும் மறுப்பு வந்தது, பதிலும் வந்தது. 2021இல் கார்டுக்கு நோபல் பரிசே கிடைத்தது. கட்டுரையில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

இது ஒன்றென்றால் விட்டுவிடுவேன். 2014இல் தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியைத் தமிழக அரசு பத்தாண்டு கழித்து உயர்த்தியபோது முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2016இல் உயர் நீதிமன்றம் தொழிலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. என் தங்கை ஏற்றுமதி கம்பெனியில் டெய்லர். அந்தத் தீர்ப்பைப் பற்றி அவளுக்குச் சொன்னது தங்கள் பத்திரிகை இல்லை, தொழிற்சங்கத்தின் துண்டுப் பிரசுரம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலை மசோதா வந்தபோது ஆதரித்து நடுப்பக்கக் கட்டுரை போட்டீர்கள். மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்ற செய்தி உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. நான் மறுத்து எழுதிய கடிதம் வரவே இல்லை. இடமில்லாமல் போயிருக்கலாம். ஆனால் மனதில் நிற்கிறது.

2017-18இல் மத்திய அரசே எடுத்த கணக்கு: விவசாயம் அல்லாத துறைகளில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களில் 71.1 சதவீதம் பேருக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமே கிடையாது. தொழிற்சாலைத் தொழிலாளிகளில் இன்று ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் காண்ட்ராக்ட். 2000ஆம் ஆண்டு வாக்கில் ஐந்தில் ஒருவர்தான். சட்டத்துக்குப் பயந்து ஆள் எடுக்காமல் விட்டார்களா, வேறு வழியில் எடுத்துக்கொண்டார்களா என்று இதைப் பார்த்தாவது கேட்க வேண்டாமா?

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு என்கிறார்கள். சரி, வரவேற்கிறேன். என் மகன் ஒரகடத்தில் ‘பயிற்சியாளர்’. அவன் வாங்குவதற்குச் சம்பளம் என்று பெயர் கிடையாது, உதவித்தொகை. அவனுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று விளக்கி ஒரு கட்டுரை வந்தால் எத்தனையோ வீடுகளில் வெட்டி வைத்துக்கொள்வார்கள். அதை எழுத ஆளில்லையா?

என் கோரிக்கை பெரிதல்ல. ‘நிரூபணமான உண்மை’ என்ற வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் அகவிலைப்படியோடு மாறும் குறைந்தபட்சக் கூலி விவரத்தை, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு என்று, அந்த வாரமே அரைப் பக்கம் வெளியிடுங்கள். தங்கம் விலையைத் தினமும் போடும் பத்திரிகைக்கு ஆண்டுக்கு ஒரு முறை இது முடியும். மகன் வேலையில் இருப்பதால் என் பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் காண்ட்ராக்ட் டர்னர்,
அம்பத்தூர், சென்னை