பத்து வயதிலேயே சொல்லிவிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மஞ்சள் நீராட்டு விழாக்களில் பெருகிவரும் ஆடம்பரத்தைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சீர்வரிசை, பந்தல், பேனர் என எல்லாச் செலவையும் கணக்கிட்ட அக்கட்டுரையில், மணையில் உட்கார்ந்திருக்கும் சிறுமிக்குத் தன் உடம்பில் என்ன நடந்தது என்பதை யாராவது எடுத்துச் சொன்னார்களா என்ற கேள்வி மட்டும் விடுபட்டிருந்தது. பாம்பன் பக்கத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேலாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கும் நான், அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் பகுதியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில் பெண்கள் விடியும் முன்பே வள்ளம் ஏறித் தீவுகளுக்குக் கடற்பாசி எடுக்கப் போய்விடுவார்கள். ஆண்களும் கடலில் இருப்பார்கள். அப்படியொரு நாளில், என் மையத்தில் எழுத்துப் பழகி வளர்ந்த பதினோரு வயதுப் பிள்ளை ஒருத்தி, பள்ளிச் சீருடையோடு இடுப்பளவு நீரில் தனியாக உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். பாவாடை நீரில் உப்பி மேலே வர, அதை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள். என்னம்மா என்று கேட்டதற்கு, "சிப்பி வெட்டிருச்சு போல டீச்சர், ரத்தம் நிக்கவே மாட்டேங்குது, உப்புத் தண்ணி பட்டா நின்டுரும்னு உக்காந்திருக்கேன்" என்றாள். காயத்துக்குக் கடல்நீர் என்பது இந்தக் கரையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வைத்தியம். தெரியாமல் இருந்தது மற்றதுதான்.

உடம்பில் உள்ள இரத்தமெல்லாம் வடிந்து செத்துப்போவோம் என்றுதான் அவள் பயந்திருந்தாள். இருமல் மருந்துப் புட்டியின் பத்து மில்லி மூடி ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு மாதவிடாயின் எல்லா நாட்களையும் சேர்த்தால்கூட வழக்கமாக இதில் மூன்று நான்கு மூடி இரத்தம்தான் போகும் என்று காட்டிய பிறகே அவளுக்கு அழுகை அடங்கியது. கருப்பைக்குள் மாதந்தோறும் மெத்தென்று ஒரு படலம் வளர்கிறது என்பதையும், கரு தங்காத மாதத்தில் அது இரத்தத்தோடு கழிந்து வெளியேறுகிறது என்பதையும், அதில் கெட்ட இரத்தம் என்று எதுவும் இல்லை என்பதையும் சொன்னேன். அன்று மாலையே அவளுடைய அப்பத்தா அவளைத் தட்டி மறைப்புக்குள் உட்காரவைத்து, வலையைத் தொடாதே, கருவாடு காயும் பக்கம் போகாதே, கவிச்சி தின்னாதே என்று வரிசையாகச் சொன்னார். அன்பான மனுஷிதான், தமக்குச் சொல்லப்பட்டதை அவர் பேத்திக்குச் சொன்னார்.

தீட்டுப் பட்டால் வலையில் மீன் விழாது என்பவர்கள், அந்தச் சிறுமியின் தாயை நினைத்துப் பார்க்க வேண்டும். மாதத்தில் சில நாட்களே கிடைக்கும் பாசித் தொழிலில், வீட்டுக்குத் தூரம் என்று ஒரு நாள் நின்றாலும் அன்றைய வரும்படி போய்விடும் என்பதால், அந்த நாட்களிலும் எங்கள் பெண்கள் கடலில் மூழ்கித்தான் பாசி எடுக்கிறார்கள். கடலும் அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கவிச்சியை நிறுத்துவது இதைவிடக் கெடுதலானது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். உளுந்தங்களி நல்ல உணவுதான்; ஆனால் மீன் இறங்கும் கரையில் பிறந்த பிள்ளைக்கு, இரத்தம் போகும் நாட்களில் மீனை மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

முதல் மாதவிடாய் 9 வயதிலிருந்து 15 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் வரை சினைமுட்டை மாதந்தோறும் ஒழுங்காக வெளிவராததால், 21 நாளில் வருவதும் 45 நாள் தள்ளிப்போவதும் இயல்பே. இதை அறியாமல் தோஷம் என்று அலைகிறவர்களையும், அதைவிடக் கொடுமையாகப் பிள்ளையின் நடத்தையைச் சந்தேகிக்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஏழு நாட்களுக்கு மேல் போக்கு நீடித்தாலோ, ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுதும் நனைந்தாலோ, மூன்று மாதம் வராமலே இருந்தாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாமல் இருந்தாலோ மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுள்ள பெண்களுக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆறு நாப்கின் கொண்ட மூன்று பொட்டலங்கள் என்று அளவு வகுக்கப்பட்டது. அதாவது மாதத்துக்கு ஒன்பது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும் என்னும்போது இரண்டு மூன்று நாளில் அவை தீர்ந்துவிடும். மீதி நாட்களுக்குப் பழந்துணிதான். எங்கள் ஊர்க் கிணற்று நீரோ உவர்ப்பு; சோப்பு நுரைக்காது, துவைத்த துணி விறைத்துத் தொடையை அறுக்கும். அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கட்டிலுக்கு அடியில் காயப்போட்டால், உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு துணி கடைசிவரை உலராமலே இருக்கிறது. நல்ல தண்ணீர் ஒரு வாளி ஒதுக்கி அலசி, நல்ல வெயிலில் கொடியில் போட வேண்டிய துணி அது. அதைப் பார்ப்பதால் யாருக்கும் எந்தக் குறையும் வந்துவிடாது.

தனிக்குடிசையில் வைப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், தஞ்சாவூர் மாவட்டத்தில் அப்படித் தனிக்குடிசையில் படுக்கவைக்கப்பட்ட சிறுமி தென்னை மரம் சாய்ந்து இறந்துபோனாள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் காற்று எப்படி அடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

தொடக்கப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்குத் தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளையும் அவர்களுடைய தாய்மாரையும் அப்பத்தா, அம்மாச்சிகளையும் ஒன்றாக உட்காரவைத்து, கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு இவற்றைப் பேசச் செய்யுங்கள். அந்தக் கூட்டத்தை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். அட்டமி, நவமியை ஒட்டி வையுங்கள். அப்போதுதான் பாசிக்குப் போகும் தாய்மார் கரையில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
பாம்பன் கடலோரம், இராமநாதபுரம் மாவட்டம்.