பெறுபேறு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் யாழ்ப்பாணத்து மதில்களெல்லாம் மூன்று பாடத்திலும் ‘ஏ’ எடுத்த பிள்ளைகளின் பதாகைகள். மகிழ்ச்சிதான். ஆனால், 1823இல் அங்கிலிக்கன் மிஷனரிமார் தொடங்கிய பரியோவான் கல்லூரி போன்றவை பெறுபேற்றுக்காக மட்டும் எழுந்தவையல்ல. ‘ஒளி இருளிலே பிரகாசிக்கிறது’ என்ற யோவான் சுவிசேஷ வசனமே பரியோவானின் மகுட வாக்கியம். சைவப் பிள்ளைகளும் நெற்றியில் திருநீற்றோடு படிக்கும் இடம் அது. இறைபயம் எந்தச் சமயத்தவருக்கும் பொது.

இன்று பெற்றாராகிய நாமே பாடசாலை மணி அடித்ததும் பிள்ளையை மைதானப் பக்கம் விடாமல் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ரியூசனுக்குக் கொண்டு ஓடுகிறோம். தோற்ற கையோடு எதிரணிக்குக் கைகொடுக்க எந்த ரியூசன் கொட்டிலில் பழக்குவார்கள்? உயர்தர மாணவருக்கும் கிழமையில் இரண்டு பின்னேரம் விளையாட்டைப் பாடசாலைகள் கட்டாயமாக்க வேண்டும். ரியூசன் ஆசிரியர்களும் அந்நேரம் வகுப்பு வைக்காதிருக்க வேண்டும்.

ஒரு தகப்பன்,
சுண்டுக்குளி