கிறிஸ்துமஸ் விருந்துக் கறி: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பாளையங்கோட்டை,
டிசம்பர் முதல் வாரம்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்து பிறப்பு விழா விருந்துக்கான இறைச்சியை முன்கூட்டியே சொல்லிவைக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் எடையைத்தான் சொல்கிறார்கள். மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று குறித்துக்கொள்வது எங்களுக்கு எளிது. ஆனால் அந்தக் கறி பிரியாணிக்கா, ஆப்பத்தோடு பரிமாறும் குழம்புக்கா, சுக்காவுக்கா என்பது தெரியாமல் வெட்டித் தந்தால், எவ்வளவு நல்ல ஆடாக இருந்தாலும் அதன் பலன் முழுமையாக உங்கள் இலைக்கு வந்து சேராது. ஆகவே இந்த ஆண்டு எடைக்கு முன்பாகச் சமையலைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்கான காரணங்களை விளக்கவே இந்த மடல்.

ஓர் ஆட்டின் எல்லாப் பகுதிகளும் ஒரேபோல் வேகமாட்டா. கழுத்து, முன்னங்காலின் தோள்பகுதியான முன்சப்பை, முழங்காலை ஒட்டிய நல்லிப் பகுதி ஆகியவை ஆடு நடமாடும்போதும் மேயும்போதும் ஓயாமல் உழைப்பவை. அதனால் அவற்றில் தசைகளைப் பிணைத்து நிற்கும் சவ்வும் நாரும் மிகுதி. இந்தச் சவ்வு குறைந்த நேரச் சூட்டில் இறுகிப் பல்லில் இழுக்கும். நீரோடு சேர்ந்து நெடுநேரம் வெந்தாலோ கரைந்து குழம்புக்கே ஒரு வழவழப்பையும் கனத்தையும் கொடுக்கும். தேங்காய் அதிகம் அரைத்து ஊற்றாமலேயே சில வீடுகளில் குழம்பு திடமாக இருப்பதற்கு இதுவே காரணம். முதுகை ஒட்டிய பகுதியும் பின்தொடையின் உட்பகுதியும் இதற்கு நேர்மாறானவை. அங்கே சவ்வு குறைவு. ஒரு மணி நேரம் குழம்பில் கொதிக்கவிட்டால் சக்கையாகிவிடும், சுக்காவாகவோ வறுவலாகவோ செய்தால் சாறு போகாமல் இருக்கும். தொடைக்கறியே உயர்ந்தது என்று எல்லாவற்றுக்கும் அதையே கேட்டு வாங்குகிறவர்களிடம் எங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறோம்: குழம்புக்குத் தொடை வாங்குவது வீண், முன்சப்பையும் கழுத்தும் அதைவிடச் சுவையான குழம்பைத் தரும்.

பிரியாணிக்கு நாங்கள் பரிந்துரைப்பது கலவைதான். முன்சப்பை பாதியும் நெஞ்செலும்பும் தொடையும் மீதிப் பாதியுமாக இருந்தால், நெஞ்செலும்பின் கொழுப்பு அரிசிக்கு மணத்தையும், முன்சப்பையின் சவ்வு சாற்றுக்குக் கனத்தையும் தரும். தொடைத்துண்டுகள் பரிமாறும்போது உதிராமல் நிற்கும். துண்டுகள் சிறிய எலுமிச்சையை விடப் பெரிதாகவே இருக்கட்டும். சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டச் சொல்வதால் எண்ணிக்கை கூடுகிறதே தவிர, தம்மில் அவை எலும்பைவிட்டுக் கழன்று நாராகப் பிரிந்துவிடுகின்றன. எலும்போடு கூடிய கறி ஒரு கிலோவும் சீரகச் சம்பா ஒரு கிலோவும் சேர்ந்தால் ஏழெட்டுப் பேருக்குத் தாராளமாகப் போதும். குழம்பும் வறுவலும் கூடவே இருந்தால் கறியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

எந்த ஆடு என்பதும் முக்கியம். விருந்துக்கு நாங்கள் எடுப்பது ஒரு வயதை ஒட்டிய வெள்ளாட்டுக் கிடாய், அதிலும் காயடித்து வளர்த்தது. காயடிக்காமல் முற்றிய கிடாயின் கறியில் இருக்கும் முடை வாடையை எந்த மசாலாவாலும் முழுதாக மறைக்க முடியாது. தூத்துக்குடி, விருதுநகர் வட்டாரங்களில் வளரும் கன்னி ஆடும் கொடி ஆடும் காய்ந்த மேய்ச்சல் நிலத்தில் திரிந்து வளர்பவை என்பதால் கறி இறுக்கமாகவும் கொழுப்பு அளவாகவும் இருக்கும். எங்களுக்கு அவற்றின் மீது தனிப் பிரியம் உண்டு. செம்மறியில் கொழுப்பு அதிகம், சூடாக இருக்கும்போது சுவையாகவும் இருக்கும். ஆனால் ஆறியவுடன் அந்தக் கொழுப்பு உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும் என்பதால், பலர் பல வேளைகளில் வந்து உண்ணும் கிறிஸ்துமஸ் நாளுக்கு அது பொருந்தாது. கடையில் நீங்களே பார்த்து அறிய வேண்டுமானால் நெஞ்செலும்பின் நுனியைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே வெண்மையாக, கத்தி எளிதில் இறங்கும் குருத்தெலும்பு இருந்தால் ஆடு இளையது. கறியின் நிறமும் வெளிறிய சிவப்பாக இருக்கும்.

இனி, பலரும் எங்களோடு மாறுபடும் ஒரு செய்தி. 25ஆம் தேதி அதிகாலையில் அறுத்ததுதான் நல்ல கறி என்ற எண்ணம் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆராதனை முடிந்து நேரே கடைக்கு வந்து, வாங்கிச் சென்ற கையோடு அடுப்பேற்றுகிறவர்கள் ஏராளம். உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் தசையில் எஞ்சியிருந்த ஆற்றல் தீர்ந்து கறி விறைக்கத் தொடங்குகிறது. விறைத்த நிலையில் சமைத்தால் எத்தனை விசில் விட்டாலும் அது முரடாகவே இருக்கும். குளிர்ச்சியில் ஓர் இரவு இருந்தால் தசையிலுள்ள நொதிகளே அதை மெல்ல இளக்கிவிடுகின்றன. ஆகவே 24ஆம் தேதி பகலில் அறுத்துக் குளிரூட்டிய கறியை அன்று மாலையே வாங்கிச் சென்று, 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், அகலமான பாத்திரத்தில் பரப்பி மூடி வைப்பதே சிறந்தது. பிளாஸ்டிக் பையில் கட்டிக் குவியலாக வைத்தால் நடுப்பகுதி குளிர நெடுநேரம் ஆகி, கெட்டுப்போக வழியாகும். கழுவ வேண்டுமென்று நினைப்பவர்கள் சமைக்கவோ மசாலா பிசறவோ போகும் நேரத்தில், தண்ணீர் தெறிக்காதவாறு பாத்திரத்துக்குள்ளேயே அலசி உடனே வடித்துவிடுங்கள், நீரில் ஊறவிடாதீர்கள். அன்றிரவே தயிர், உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது சேர்த்துப் பிசறி வைத்தால் காலை வேலை பாதியாகக் குறையும். பப்பாளிக்காய் விழுது இளம் ஆட்டுக்குத் தேவையே இல்லை. அது கறியின் மேற்புறத்தை மாவாக்கிவிடும்.

பிரியாணி சமைக்கும்போது கறியை முக்கால் பதம் தனியாக வேகவைத்த பிறகே அரிசியைச் சேருங்கள். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை எட்டுவதால் இளங்கறிக்கு நான்கைந்து விசில் போதும். திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். சீரகச் சம்பாவை அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். திறந்த பாத்திரத்தில் ஒரு பங்கு அரிசிக்கு இரு பங்கு நீர் என்பது சரியான அளவுதான். ஆனால் கறி வெந்த சாறும் தயிரும் தக்காளியும் விட்ட நீரும் அந்த இரண்டுக்குள் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரியாணி குழைவதாக எங்களிடம் சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம். சாற்றைத் தனியே வடித்து அளந்து, குறையும் அளவுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள். நீர் வற்றி அரிசியும் நீரும் ஒரே மட்டத்துக்கு வரும்போது மூடி, மேலே தணலோ கனமான பாத்திரமோ வைத்து, மிகக் குறைந்த தீயில் 20 நிமிடம் தம் போடுங்கள். இறக்கிய பின் கால் மணி நேரம் திறக்காதீர்கள். மூன்று கிலோ அரிசிக்கு மேல் செய்வதானால், பழக்கமில்லாதவர்கள் இரண்டு பாத்திரங்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது. அடியில் அழுத்தம் கூடினால் கீழ்ச்சோறு நசுங்கிவிடும்.

வான்கோழி கேட்பவர்களும் ஆண்டுதோறும் வருகிறார்கள். வட அமெரிக்கக் கண்டத்துப் பறவையான இது 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்று, நாளடைவில் அங்கே பெருவாத்தின் (கூஸ்) இடத்தைப் பிடித்துக் கிறிஸ்துமஸ் மேசைக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ‘நந்தனம்’ வகை உட்பட நன்றாக வளர்க்கப்படுகிறது. முழுதாகச் சுட விரும்புவோர் முதலில் தம் வீட்டுச் சுடும் அடுப்பை (ஓவனை) அளந்து பாருங்கள். ஆறு கிலோ பறவை எப்படியோ நுழைந்துவிட்டாலும், சூடான காற்று சுற்றிவர இடமில்லையென்றால் வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். மூன்றரை கிலோவுக்கு மேற்படாத பெட்டையை வாங்கி, முந்தின நாளே உப்புத் தடவி, 160 டிகிரியில் கிலோவுக்கு ஏறத்தாழ 45 நிமிடம் சுடலாம். தொடையின் தடித்த பகுதியில், எலும்பைத் தொடாதவாறு வெப்பமானியைச் செருகினால் 74 டிகிரி காட்ட வேண்டும். உறைந்த பறவையாக இருந்தால் குளிர்பெட்டியிலேயே இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் வீதம் இளகவிட வேண்டும். வெளியே வைத்து இளக்கக் கூடாது. உண்மையில், நம் வீடுகளுக்கு நாங்கள் சொல்வது வேறு. வான்கோழியின் நெஞ்சுக்கறி விரைவில் வறண்டுவிடும், கால்கறியோ நெடுநேரம் கேட்கும். இரண்டையும் ஒன்றாகச் சுடுவதைவிட, கால்கறியை மிளகுக் குழம்பாகவும் நெஞ்சை மெல்லிய துண்டுகளாக அரிந்து வறுவலாகவும் செய்வது இரண்டுக்கும் நீதி செய்யும்.

கேரளத்தின் குட்டநாட்டுப் பக்கம் போல வாத்து ரோஸ்ட் செய்ய விரும்புவோர் ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். நாட்டுக்கோழி எப்போதும் கிடைக்கும்.

அண்டை வீடுகளுக்குப் பிரியாணி கொடுத்தனுப்புவது இந்த ஊரின் நல்ல வழக்கம். கொடுக்க வேண்டியதைத் தம் உடைத்தவுடன் சூடாகவே அனுப்பிவிடுங்கள்; மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல், ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பிக் குளிர்பெட்டியில் வையுங்கள். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநிலையிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான நிலையில் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சை மறுபடி சூடாக்குவதாலும் போக்க முடியாது.

இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் என்ன சமையல், எத்தனை பேர், குக்கரா திறந்த பாத்திரமா என்ற மூன்றையும் கடையில் சொல்லிவிட்டால், அதற்கேற்ற பகுதியை உங்கள் பெயரெழுதி ஒதுக்கி வைப்போம். 24ஆம் தேதி மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை பெற்றுக்கொள்ளலாம். கறியைப் பரப்பி எடுத்துச் செல்ல வசதியாக, மூடியுள்ள அகலமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள்.

கிறிஸ்து பிறப்பு நல்வாழ்த்துகளுடன்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்