அம்மாவின் அறைக் கைபிடி

ஸ்காபரோ,
ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

நீ போன கிழமை போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு எந்த அலுவலிலும் மனம் போகவில்லை. அம்மா பின்னேரம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கிறார், திரும்ப வெளியே வர இழுத்தால் கைபிடி கையோடு வந்துவிட்டது, உள்ளே ஓடுகிற சதுரக் கம்பியும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது, நீயும் வேலையில், பக்கத்து வீட்டுப் பிள்ளை சத்தம் கேட்டு ஓடி வந்து அந்தச் சதுர ஓட்டைக்குள் திருப்புளியை விட்டுத் திருப்பும் வரைக்கும் முக்கால் மணித்தியாலம் அவர் கட்டிலில் இருந்திருக்கிறார். "ஒண்டும் இல்லைப் பிள்ளை, தேவாரம் படிச்சுக்கொண்டு இருந்தனான்" என்று எனக்குச் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளையும் வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால்?

"இப்போது கயிறு கட்டி வைத்திருக்கிறேன், அக்கா ஆவணியில் வந்ததும் பார்ப்போம்" என்றாய். வேண்டாம் தம்பி. இந்த மாதமே மாற்று. ஆசாரியார் வரும் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை, நீயே அரை மணித்தியாலத்தில் மாற்றலாம். நான் இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன், ஏனென்றால் மார்கழியில் எனக்கும் இங்கே இதே கதைதான் நடந்தது. உங்களுக்குச் சொன்னால் யோசிப்பீர்கள் என்று சொல்லவில்லை.

நான் இருக்கிற பேஸ்மன்டுக்கு வீட்டின் பக்கவாட்டில் தனிக் கதவு என்று முதலே எழுதியிருக்கிறேன். இரும்புத் தகடு அடித்த கதவு, உருண்டைக் கைபிடி. முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை முடித்து, இரண்டு பஸ் மாறி வந்து இறங்க இரவு பதினொன்றரை. அன்றைக்கு மைனஸ் 18. திறப்பு ஒழுங்காகத் திரும்பியது, கைபிடியும் திரும்பியது, ஆனால் கதவின் நாக்கு உள்ளே போகவே இல்லை. கைபிடி சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. கையுறையோடு பிடித்தால் வழுக்குகிறது, கழற்றிவிட்டுப் பிடித்தால் இரும்பு கையைக் கடிக்கிறது, இரண்டு நிமிடத்தில் விரல் நுனிகள் மரத்துப்போய் திறப்பைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. கடைசியில் மேல் வீட்டு ஆட்களின் யன்னலைத் தட்டி, அவர்கள் உள்படியால் இறங்கி வந்து திறந்துவிட்டார்கள். இருபது நிமிடம் இருக்கும். அம்மாவின் முக்கால் மணித்தியாலத்தைக் கேட்டபோது எனக்கு அந்த இருபது நிமிடம்தான் ஞாபகம் வந்தது.

அந்தக் கைபிடி ஒரு மாதமாகவே இறுகிக்கொண்டு வந்தது. அப்பா செய்கிற மாதிரி நானும் தேங்காய் எண்ணெய் விட்டேன். அதுதான் பிழை. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் உறைந்துவிடும், இங்கே குசினித் தட்டில் இருக்கிற போத்தலிலேயே மாரி முழுக்க வெள்ளைக் கட்டியாகத்தான் கிடக்கிறது, வெளிக் கதவின் பூட்டுக்குள் அது மெழுகு மாதிரி இறுகி, தூசியையும் பிடித்து வைத்துக்கொண்டது. நம் ஊர் உப்புவெளியில் அது உறையாது, ஆனால் அங்கேயும் எண்ணெய் மணலைப் பிடிக்கும். பூட்டுக்குக் கிராபைட் என்கிற காரீயத் தூள் போடச் சொல்கிறார்கள் இங்கே. பென்சிலுக்குள் இருக்கிற அதே சாமான்தான். நீ திறப்பின் பல்லில் பென்சிலை நன்றாகத் தேய்த்துப் பூட்டுக்குள் விட்டு நாலைந்து தரம் திருப்பு, அது போதும்.

வீட்டுக்காரருக்குச் சொன்னேன், இந்தா அந்தா என்று இழுத்தார். இங்கே வாடகை வீட்டைத் திருத்தி வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று சட்டமே இருக்கிறது, ஆனால் அவரைக் கேட்காமல் நாங்கள் பூட்டை மாற்றவும் கூடாது. அதனால் நானே வாங்கிப் பூட்டுகிறேன், காசை வாடகையில் கழிப்போம், ஒரு திறப்பை உங்களிடம் தருகிறேன் என்று எழுதிக் கேட்டேன், சரி என்றார். பூட்டுக்காரரைக் கூப்பிட்டால் 150 டொலர் என்றார்கள். நான் வாங்கின கைபிடி 34 டொலர், அதற்கு மேல் 13 வீதம் வரி.

கழற்றுவதற்குத்தான் முதலில் பயந்தேன். உள்பக்கம் இரண்டே இரண்டு திருகாணி. ஆனால் அதன் தலையில் நமக்குப் பழக்கமான கோடும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, சின்னச் சதுரக் குழி. ரொபேட்சன் என்ற கனடாக்காரர் 1908இல் கண்டுபிடித்ததாம், இங்கே அநேகமான வீடுகளில் அதைக் காணலாம். திருப்புளியைக் குழிக்குள் வைத்தால் விட்டுவிட்டு நிற்கலாம், விழாது, வழுக்காது. மேல் வீட்டு அண்ணாவிடம் சிவப்புப் பிடி போட்ட திருப்புளியை இரவல் வாங்கினேன். அளவுக்குத் தகுந்த மாதிரிப் பிடியின் நிறம் மாறும், கதவுச் சாமானுக்கு அநேகமாகச் சிவப்புத்தான். ஆவணியில் வரும்போது உனக்கு ஒன்று கொண்டுவருகிறேன்.

கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த சின்ன வில் உடைந்து இரண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு விரல் நகமளவு கம்பி. அதற்காகத்தான் நான் பனிக்குள் நின்றேன்.

இந்த நாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று, அளவு. கதவில் கைபிடிக்குப் போடுகிற துளை அநேகமான வீடுகளில் ஏறக்குறைய 54 மில்லிமீற்றர், கதவு விளிம்பிலிருந்து துளையின் நடு வரைக்கும் ஒன்றில் 60, இல்லாவிட்டால் 70. அதனால் எந்தக் கடையில் வாங்கினாலும் பொருந்திவிடும். நம் ஊரில் அப்படி இல்லை, அப்பா ஒரு அளவில் வாங்கியிருப்பார், இப்போது கடையில் வேறு அளவு இருக்கும். ஆகவே அளக்காமல் கடைக்குப் போகாதே.

நம் வீட்டுக் கைபிடி ஏன் கழன்றது என்று நான் இங்கே இருந்தே சொல்கிறேன், சரியா என்று கழற்றிப் பார். அது அப்பா போட்ட பித்தளைக் கைபிடி, பித்தளை இவ்வளவு சீக்கிரம் போகாது. கடைசியாகத் திருத்தின நேரம் பித்தளைத் திருகாணி காணாமல் போய், நாலுக்கும் இரும்புத் திருகாணி போட்டது ஞாபகம் இருக்கிறதா? பித்தளையோடு இரும்பு ஒட்டி இருந்து அதில் உப்பு ஈரமும் பட்டால், துருப்பிடிப்பது முழுக்க இரும்பின் தலையில்தான் விழும், தனியாக இருந்திருந்தால் தாங்கியிருக்கிற காலம் தாங்காது. உப்புவெளி என்று ஊரின் பேரிலேயே உப்பு இருக்கிறது, கடல் ஐந்து நிமிட நடை, வாடைக் காற்று கிளம்பினால் யன்னல் கம்பியை நக்கினால் உப்புக் கரிக்கும். சின்ன வயதில் நீ நக்கியும் இருக்கிறாய். தகடு அப்படியே இருக்கும், திருகாணி உள்ளே பொடியாகி இருக்கும், அதுதான் இழுத்ததும் வந்துவிட்டது.

இங்கே கடல் இல்லை என்று நினைத்தால், தெரு முழுக்க உப்பு. பனி உருகுவதற்கு லொறி லொறியாகக் கொட்டுகிறார்கள். சப்பாத்தில் வெள்ளைக் கோடு விழும், காரின் அடிப்பகுதி உக்கிப்போகும், என் கதவின் கீழ்த் தகடும் கொப்பளித்துத் துருவாக உதிர்கிறது. முதல் மாரியில் அந்த வெள்ளைக் கோட்டைத் துடைத்துக்கொண்டு இருந்தபோது வீட்டு ஞாபகம் வந்து அழுதேன்.

சரி, அலுவலுக்கு வருகிறேன். மூன்று அளவு எடு. கதவுப் பலகையின் தடிப்பு. கதவு விளிம்பிலிருந்து சதுரக் கம்பி போகிற ஓட்டையின் நடு வரைக்கும். அந்த ஓட்டையின் நடுவிலிருந்து திறப்பு ஓட்டையின் நடு வரைக்கும். கடைசி அளவுதான் முக்கியம், அது பிழைத்தால் புதுத் தகட்டின் திறப்பு ஓட்டை மரத்தின் மேல் நிற்கும், பிறகு கதவைக் குடைய வேண்டி வரும். பழைய கைபிடியையும் சதுரக் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டே திருகோணமலை என்.சி. வீதிக் கடைகளுக்குப் போ. கம்பியின் நாலு மூலையையும் விரலால் தடவிப் பார், மூலை தேய்ந்து உருண்டு இருந்தால் புதுக் கைபிடி போட்டாலும் ஆடும், கம்பியையும் மாற்ற வேண்டும்.

கடையில் வெள்ளையாக மினுங்குகிறதை எடுக்காதே. அதில் பல துத்தநாகக் கலவையை வார்த்து மேலே குரோம் பூசினது, பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உப்பு உள்ளே போய்க் கொப்பளிக்கும். உள்பக்கம் ஒரு சின்னக் கீறல் போட்டுக் காட்டச் சொல், மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பலாக இருந்தால் வேண்டாம். எவர்சில்வர் என்றால் 316 என்று கேள், அதில் மொலிப்டினம் என்று ஒன்று இரண்டு மூன்று வீதம் சேர்ப்பார்கள், கடல் காற்றுக்கு அதுதான் தாங்கும். கிடைக்காவிட்டால் பித்தளையே நல்லது. பித்தளைக்குப் பித்தளைத் திருகாணி. ஒரு காந்தத்தைக் கொண்டு போய்த் திருகாணியில் வைத்துப் பார், ஒட்டினால் மேலே மஞ்சள் பூசின இரும்பு.

இன்னொன்று, உருண்டைப் பிடி வேண்டாம், கீழே அமுக்குகிற நீட்டுப் பிடி வாங்கு. அம்மாவின் வலது மணிக்கட்டு முந்தி மாதிரி இல்லை என்று உனக்கே தெரியும். உருண்டையைத் திருப்ப விரல்கள் இறுகப் பிடிக்க வேண்டும், நீட்டுப் பிடியை முழங்கையாலும் அமுக்கலாம். நான் வேலை செய்கிற இடத்தில் எல்லாக் கதவும் அப்படித்தான். வன்கூவர் நகரத்தில் 2014இலிருந்து புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்கு உருண்டைப் பிடியே வைக்கக் கூடாது என்று விதி. வயதானவர்களின் கையைத் தினமும் பிடித்துப் பார்க்கிறேன் தம்பி, இது சின்ன விஷயம் இல்லை.

புதுக் கைபிடியைப் பூட்டும்போது கதவைத் திறந்து, கீழே ஒரு கட்டை வைத்து நிறுத்து, வேலை முடியும் வரைக்கும் சாத்தாதே. பழைய திருகாணி ஓட்டை பெருத்திருக்கும், அதற்குள் மரப் பசை தோய்த்த தீக்குச்சிகளை இறுக்கிச் செருகி, காய விட்டு, மேலே வருகிறதைச் சீவிவிட்டுத் திருகு. நாலு திருகாணியையும் முதலில் பாதி முறுக்கி வை, பிடியை அமுக்கிப் பார், தானாக மேலே எழும்பினால் மிச்சத்தை முறுக்கு. ஒரேயடியாக இறுக்கினால் தகடு கோணிப் பிடி சிக்கும். கதவு திறந்தபடியே பத்துத் தரம் அமுக்கிப் பார்த்த பிறகுதான் சாத்து.

நாக்கில் கொஞ்சம் சோக் பூசிச் சாத்திப் பார், நிலையில் உள்ள தகட்டில் வெள்ளை எங்கே படுகிறது என்று தெரியும். ஓட்டைக்குக் கீழே பட்டால் பிணைச்சல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கிறது, மேல் பிணைச்சலின் திருகாணிகளை இறுக்கு. மாரிக்குக் கதவு ஊதி நிலையில் உரசும், நாங்கள் எல்லாரும் அதைக் கைபிடியில் பிடித்துத்தான் இத்தனை வருடமும் இழுத்தோம். இப்போது சீவாதே, கச்சான் அடிக்கத் தொடங்கிக் கதவு காய்ந்த பிறகு பார், அப்போதும் உரசுகிற இடத்தை மட்டும் சீவி, சீவின இடத்துக்குப் பெயின்ட் அடித்துவிடு, இல்லாவிட்டால் அந்த வழியாகவே ஈரம் ஏறும்.

மாற்றும் வரைக்கும் அம்மாவை அந்தக் கதவைச் சாத்த விடாதே, திரைச்சீலை போடு. ஒரு திருப்புளியை அறைக்குள்ளே அலுமாரி மேல் வை, சதுர ஓட்டைக்குள் விட்டு எப்படித் திருப்புவது என்று அவருக்கு ஒரு தரம் காட்டு.

பழைய கைபிடியைப் பழைய சாமான் வாங்க வருகிறவரிடம் கொடுத்துவிடாதே. அதன் மேல் பக்கத்தில், பெருவிரல் படுகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும், மற்ற இடமெல்லாம் கறுத்திருந்தாலும் அது மட்டும் பொன் மாதிரி மினுங்கும். அப்பா ஒவ்வொரு வருடமும் சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் நாள் பழப்புளியும் உப்பும் போட்டு அதைத் தேய்ப்பார், நான் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நிற்பேன், "கை படுற இடம் தானா மினுங்கும் பிள்ளை, மற்ற இடத்தைத் தேய்" என்பார். அதைத் துடைத்து ஒரு துணியில் சுற்றி வை. நான் கொண்டுவருவேன்.

சுகமாக இருக்கிறேன். குளிருக்குப் பயப்பட வேண்டாம் என்று அம்மாவுக்குச் சொல், தடித்த கோட் வாங்கிவிட்டேன், என் கதவும் இப்போது ஒரு விரலால் அமுக்கத் திறக்கிறது. காசு செவ்வாய்க்கிழமை போடுகிறேன், கைபிடிக்கு என்று தனியாக. ஞாயிறு உங்களுக்குக் காலை ஆறரைக்கு எடுப்பேன், எனக்கு இங்கே சனி இரவு எட்டு. அதற்குள் அந்த மூன்று அளவையும் எடுத்து, கழற்றின திருகாணிகளைப் படம் பிடித்து அனுப்பு. இரும்பா இல்லையா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா