பினாங்கில் ஏழு மணி நேரம்

சிவமயம்

பள்ளத்தூர்

அன்புள்ள தம்பி சொக்கலிங்கத்துக்கு அப்பச்சி எழுதுவது. நானும் உன் ஆத்தாவும் நலம். நீ, உமையாள், குட்டி வள்ளி மூவரும் நலமாக இருக்கப் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் துணை.

போனிலேயே பேசிவிடலாம்தான். ஆனால் போனில் நீ "சரி அப்பச்சி, ஆகட்டும் அப்பச்சி" என்று இரண்டு சொல்லில் முடித்து, "ஆத்தாவிடம் கொடுங்கள்" என்கிறாய். கடிதம் என்றால் முடியும்வரை படித்துத்தானே ஆக வேண்டும்.

கப்பல் படங்கள் ஆறும் வந்து சேர்ந்தன. கப்பலா அது! நம் தெருவையே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும் போலிருக்கிறது. முகப்பில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் காட்டினேன். "மகன் சொந்தக் காசில் கூட்டிப் போயிருக்கிறானா?" என்று மேலவீட்டு அண்ணன் கேட்டார். "பின்னே, உங்கள் காசிலா?" என்றேன். அன்று முழுக்க எனக்கு நல்ல பசி.

அந்தப் பெருமையோடு ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் காலை எட்டு மணிக்கு இறங்கி மூன்றுக்குள் ஏறினால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். முழுதாக ஏழு மணி நேரம். அதில் நீ அனுப்பியது செண்டோல் என்கிற ஐஸ் இனிப்புக் கிண்ணத்தின் படம் ஒன்று, சுவரில் வரைந்திருக்கும் சைக்கிள் படம் ஒன்று. துறையை விட்டு வெளியே வந்தாலே மணிக்கூண்டு நிற்கும். விக்டோரியா ராணியின் அறுபது வருட ஆட்சிக்கு அறுபது அடி உயரத்தில் கட்டியது. சண்டைக் காலத்தில் குண்டு விழுந்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். அங்கிருந்து பினாங்கு ஸ்திரீட்டுக்குப் பத்து நிமிட நடை. 1894-லிருந்து தைப்பூசத்துக்கு ஓடுகிற வெள்ளி ரதம் புறப்படுகிற கோயில் வீடு அந்தத் தெருவில்தான் இருக்கிறது. தண்ணீர்மலைக்கு டாக்சி பிடித்துத் தண்டாயுதபாணியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தாலும் நேரம் மிச்சம் இருந்திருக்கும். ஐயா வட்டிக்கடை வைத்திருந்த கிட்டங்கி வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று ஒரு படம் எடுக்க உனக்குத் தோன்றவில்லை. ஒரே கூடத்தில் வரிசையாகப் பத்துக் கடைகள்; கடை என்றால் ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை. அந்தப் பாயில் உட்கார்ந்து ஈட்டியதில்தான் நம் வீட்டில் நீ தவழ்ந்த பட்டாலைக்குக் கல் போட்டார்கள். போகட்டும். செண்டோல் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு முறை இப்படி இறங்கினால், கப்பல் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே திரும்பிவிடு. கப்பல் பஸ் இல்லை, கை காட்டினால் நிற்காது. வெயிலுக்குத் தொப்பி வேண்டும். முக்கியமாக, சேர்ந்து இறங்கியவர்கள் சேர்ந்தே சுற்றிவிட்டுச் சேர்ந்தே ஏற வேண்டும். நீ வேகமாக நடக்கிறவன். சின்ன வயதிலேயே கோவிலூர்த் தேருக்குப் போனால் எங்களை விட்டுவிட்டு முன்னால் போய் நிற்பாய். கூட வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்து நட.

வள்ளியின் படத்தை உன் ஆத்தா இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு வலப்பக்கச் சடை காதுக்கு மேலே ஏறியிருக்கிறது, இடப்பக்கம் தோளில் கிடக்கிறது. ரிப்பன் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ காகிதக் கட்டு ரப்பர். "இது அவன் பின்னியது" என்றாள். நான், காற்றில் கலைந்திருக்கும் என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் மற்ற ஐந்து படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, போனை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டாங்கட்டுக்குப் போய்விட்டாள். படம் எடுக்கிறவர்கள் படத்தில் விழ மாட்டார்கள், எனக்குத் தெரியாதா? உமையாள்தான் எடுத்திருப்பாள். ஆனால் நீ இருக்கிற இரண்டு படங்களும் கையை நீட்டி நீயே எடுத்தவை போலத் தெரிகின்றன.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொண்டீர்களா? போன வருடம் உமையாள் மாவு பிடித்துப் படம் அனுப்பியிருந்தாள். இந்த வருடம் வரவில்லை. வேலை அதிகமாக இருந்திருக்கும்.

நம் கோவிலில் புள்ளிக் கணக்கு புதுப்பிக்கிறார்கள்; புருஷன் பெண்டாட்டி சேர்ந்தால்தானே ஒரு புள்ளி. கணக்கப்பிள்ளை வந்தபோது, என் மகன் எப்போதும் போல ஒரு புள்ளி என்று சொல்லிவிட்டேன். அவரும் எழுதிக்கொண்டார். எழுதியது சரிதானே? வரியை நான் கட்டிவிடுகிறேன், அதற்காகக் கேட்கவில்லை.

சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏற வேண்டும் என்று மேலே எழுதிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது தம்பி.

1982-ல் ஐயாவின் பங்கைக் கணக்குத் தீர்த்து வர எட்டு மாதம் பினாங்கில் இருந்தேன். அந்தக் கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கைக்கு வந்த தொகையை அப்படியே ஊருக்குக் கொண்டு வரவில்லை. ஒருவர் பேச்சை நம்பி அங்கேயே ஒரு வியாபாரத்தில் போட்டேன். நாலு மாதத்தில் முக்கால்வாசி போய்விட்டது. வரி பிடித்துவிட்டார்கள் என்று ஐயாவிடம் சொன்னேன். அவர் கடைசிவரை அதை நம்பிக்கொண்டிருந்தார்.

எம்.வி. சிதம்பரத்தில் திரும்பினேன். 1985-ல் தீப்பிடித்ததே, அதே கப்பல். உன் ஆத்தா மெட்ராஸ் மண்ணடியில் உன் அம்மான் வீட்டில் இருந்தாள். நீ நாலு மாதக் குழந்தை. நான் உன் முகத்தைப் பார்த்தது கிடையாது. சுங்கத்தில் பெட்டியைக் காட்டிவிட்டு வெளியே வந்தபோது மணி பத்து. வீடு கூப்பிடு தூரம். என்னால் போக முடியவில்லை. என்ன கொண்டு வந்தீர்கள் என்று அம்மான் வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமல் பெட்டியைப் பார்ப்பார்களே, அதை நினைத்தே கால் எழவில்லை. பெட்டியை ஒரு கடையில் வைத்துவிட்டுக் கந்தகோட்டத்துக்குப் போய்க் குளத்துப் பக்கம் உட்கார்ந்தேன். நடை சாத்தியதும் வெளியே வந்து பாரிமுனையில் டீ குடித்தேன். கடற்கரை ஸ்டேஷனில் ரயில் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி டீ. அந்த ஊரில் யாருமே இல்லாதவன் போலத் திரிந்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினேன். "கப்பல் தாமதம்" என்றேன்.

அதே கப்பலில் வந்த அடுத்த வீட்டுப் பையன் பதினொரு மணிக்கே வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியும் எழுந்துவிட்டான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? உன் ஆத்தா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு என் நெற்றியைப் பார்த்தாள். கந்தகோட்டத்துத் திருநீறு வியர்வையில் கோடாக வழிந்து காய்ந்திருந்தது. "கப்பலிலேயே திருநீறு கொடுக்கிறார்களா?" என்றாள். அவ்வளவுதான். உன்னை என் கையில் கொடுத்துவிட்டுக் காபி போடப் போய்விட்டாள். அன்றைக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளும் இன்றுவரை கேட்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போதும் நான் வெளியே போய்த் தாமதமாக வந்தால், முதலில் நெற்றியைத்தான் பார்க்கிறாள்.

இதை எழுதியது அவளுக்குத் தெரியாது. போனில் உளறிவிடாதே.

மழை நின்றுவிட்டது. ஆல்வீட்டு ஓடு மாற்றியதற்கு உன் பங்கை அனுப்ப அவசரம் இல்லை.

ஆத்தா சீப்புச் சீடையும் மணகோலமும் செய்து இரண்டு டின்களில் அடைத்து வைத்திருக்கிறாள். உமையாளுக்குக் காரம் குறைவாக வேண்டும் என்று அவளுடையதைத் தனியாகச் செய்தாள். காரைக்குடியில் கூரியரில் போட வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் கட்டலாமா, தனித்தனியாகக் கட்ட வேண்டுமா என்று எழுது. முகவரியையும் தெளிவாக எழுது.

அன்புடன்,
அப்பச்சி