கோழிக்குப் போகாத தேங்காய்ப்பூ

களுவாஞ்சிகுடி

அன்பு மகள்,

நேற்று வீடியோவில் கதைத்துக்கொண்டே நீ பால் பிழிந்த தேங்காய்ப்பூவைக் குப்பைக் கூடையில் தட்டியதைப் பார்த்தேன். பேரன் குறுக்கே வந்துவிட்டான், நானும் வாயை மூடிக்கொண்டேன். இனி போனில் சொன்னால் ஓம் ஓம் என்றுவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பூவில்தான் அம்மம்மா தேங்காய் டொபி கிண்டுவார். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு 12 வயது. விடியப் பார்த்தால் எங்கள் வளவில் மூன்று தென்னைதான் நிமிர்ந்து நின்றது. முதல் சில கிழமை விழுந்து கிடந்த காயை என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்புறம் ஒரு தேங்காய்க்கு அலைந்தோம். வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருடம் வேண்டுமே. சூறாவளிக்கு முன் கோழிக்குப் போன சக்கை அன்றிலிருந்து எங்களுக்கு வந்தது. 2025 தொடக்கத்தில் இங்கே ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது எனக்கு அந்த ஞாபகம்தான்.

சரி, செய்முறைக்கு வா. பிழிந்த பூ இரண்டு கப். ஈரமாக இருந்தால் வெறும் தாச்சியில் மெல்லிய நெருப்பில் கிளறு. சிவக்க விடாதே, உதிர்ந்தால் போதும். சீனி ஒன்றரை கப், தண்ணீர் அரை கப். சீனி கரையும் வரை கிண்டு, கொதித்த பிறகு கரண்டியை எடுத்துவிடு. நான் கலியாணம் முடித்த புதிதில் பாகைக் கிண்டிக்கொண்டே நின்று எல்லாம் மணலாகப் போனது. மாமி ஒன்றும் சொல்லாமல் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது. நாலு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டால் அப்படி மணலாகாது.

பதம் பார்க்கத் தெர்மாமீட்டர் தேடாதே. கோப்பையில் குளிர்ந்த தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விடு. கரைந்தால் இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டும்போது மெத்தென்று உருண்டு வந்தால் பூவைக் கொட்டு. பால் போன பூவில் எண்ணெய்ப்பிடிப்பு இருக்காது, வெறும் சீனியோடு கிண்டினால் நறநறவென்று இருக்கும். அம்மம்மா இதற்கென்றே முதற்பாலில் இரண்டு கரண்டி எடுத்து ஒளித்து வைப்பார். உன் பிரிட்ஜில் பாதி டின்பால் எப்போதும் கிடக்குமே, அதில் மூன்று கரண்டி விடு. ஏலக்காய் இரண்டு.

இனிக் கை ஓயாமல் கிண்டு. முதலில் கஞ்சி மாதிரிக் கொதித்துத் தெறிக்கும், கையைப் பார்த்துக்கொள். பிறகு சத்தம் குறையும். கரண்டி போன வழியில் தாச்சியின் அடி தெரியும், உடனே மூடாது. கடைசியில் ஓரமெல்லாம் வெள்ளையாகக் காய்ந்து, எல்லாம் ஒரே உருண்டையாகக் கரண்டியோடு சேர்ந்து சுற்றும். அந்த நேரம் போன் அடித்தாலும் எடுக்காதே, நான் அடித்தாலும்தான்.

நெய் தடவிய தட்டில் கொட்டி அமர்த்து. சூடாக இருக்கும்போதே கத்தியால் கோடு போடு, ஆறினால் நொறுங்கும். றோஸ் நிறம் கடைக்காரர் வேலை. எங்கள் வீட்டு டொபி பழுப்பாகத்தான் இருக்கும்.

தாச்சியை உடனே தேய்க்காதே. அடியில் ஒட்டின பாகில் சுடுதண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் ஊற விடு. அம்மம்மா அந்தத் தண்ணீரிலேதான் பின்னேரத் தேத்தண்ணீர் போடுவார், வேறு சீனி போடமாட்டார்.

அன்புடன்,
அம்மா