லித்தோமிஷ்ல் மாளிகை அரங்குக்கு ஒரு காடு வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம்.

செக் குடியரசில், பிராக் நகரத்துக்குக் கிழக்கே லித்தோமிஷ்ல் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. 1568-ல் தொடங்கி 1581-ல் கட்டி முடித்த மறுமலர்ச்சிக் கால மாளிகை ஒன்று அங்கே உண்டு. வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதன் வெளிச்சுவரைத்தான். சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி வரைந்த கட்டங்கள் மட்டும் சுமார் 8,000. இசையமைப்பாளர் ஸ்மெத்தனா 1824-ல் பிறந்தது மாளிகையின் மதுவடிசாலையில். 1999-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் மாளிகை சேர்ந்துவிட்டது. நாங்கள் எழுத வந்தது அதன் மேற்குப் பகுதியில் இருக்கும் மர நாடக அரங்கைப் பற்றி.

1796-97-ல் வால்ட்ஷ்டைன் பிரபு தன் குடும்பத்துக்காகக் கட்டிய அரங்கம் இது. நடித்தவர்கள் வீட்டு மனிதர்களும் நண்பர்களும்தான். உட்கார்ந்து பார்க்க சுமார் 150 பேருக்கு இடம். காட்சிகளை வரைந்தவர் யோசெஃப் பிளாட்சர், வியன்னா அரசவை அரங்கின் ஓவியர். மொஸார்ட்டின் ‘தொன் ஜொவான்னி’ இசை நாடகம் 1787-ல் முதலில் அரங்கேறிய பிராக் அரங்கம் 1783-ல் திறந்தபோது, அதற்குக் காட்சி வரைந்தவரும் இவரே. லித்தோமிஷ்லுக்காக அவர் தீட்டிய 16 காட்சித் தொகுதிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை நகர்த்தும் மர இயந்திரங்களும் அப்படியே இருக்கின்றன. பழைய அரங்கக் கட்டடங்கள் ஐரோப்பாவில் பல உண்டு. ஆனால் மேடைக்குப் பின்னால் தொங்கும் படுதாவும் இரு பக்கமும் நிற்கும் பக்கத் தட்டிகளும் இந்த அளவு மிஞ்சிய இடங்கள் மிகச் சில. மற்ற இடங்களில் நாடகம் மாறினால் பழைய படுதாமேல் புதிதாகத் தீட்டிவிடுவார்கள். இல்லையென்றால் மெழுகுவத்தியில் தீப்பிடித்துப் போகும்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் இவற்றின் வண்ணம் பவுடர் மாதிரி, பளபளப்பே இல்லாமல் இருக்கும். எண்ணெய் வண்ணம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மின்னும், மரமும் வானமும் மறைந்து வெறும் துணி தெரியும். அதனால் நிறப்பொடியை விலங்குப் பசையில் குழைத்துத் தீட்டினார்கள். அந்தப் பசையால்தான் இப்போது சிக்கலும். ஈரம் பட்டால் வண்ணம் கரைந்து திட்டாகும். விரல் உரசினால் பொடி கையோடு வரும். துணியைச் சுருட்டி விரித்தால் வண்ணத்தில் விரிசல் விழும். ஆகவே தட்டிகளை அடிக்கடி நகர்த்தவே கூடாது. நகர்த்தாமல் வைத்தால் சரி, ஓவியம் பிழைக்கும். ஆனால் ஒரு தெரு கண்ணெதிரே காடாக மாறும் அந்த நொடியை யாரும் பார்க்க முடியாது. இந்த அரங்கத்தின் உயிரே அந்த நொடிதான் என்று நாங்கள் நம்புகிறோம்.

சுவீடனில் 1766-ல் கட்டிய திரோட்னிங்ஹோல்ம் அரண்மனை அரங்கில் நல்ல வழி கண்டிருக்கிறார்கள். மேடையில் நகல் தட்டிகள் ஓடுகின்றன, அசல் பத்திரமாக இருக்கிறது. அதையே இங்கும் செய்யலாம் என்பது எங்கள் திட்டம். 16 காட்சித் தொகுதிகளில் முதலாவதாகக் காட்டுக் காட்சியை எடுத்துக்கொள்கிறோம். பின்படுதா, பக்கத் தட்டிகள், மேலே தொங்கும் கிளைத் துணி, எல்லாம் சேர்ந்த ஒரு முழுக் காடு. அச்சடித்த துணி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அச்சில் நிறம் வந்துவிடும். தூரிகை ஓட்டமும் பசை வண்ணத்தின் மங்கலும் வராது. லினன் துணி, மரச் சட்டம், பசை, நிறப்பொடி, எல்லாம் பழைய முறையிலேயே. செலவில் பெரும்பகுதி ஓவியர்களின் கூலி. அதில் கைவைத்து மிச்சம் பிடிக்க எங்களுக்கு மனமில்லை, ஏனென்றால் இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைவு, தெரிந்தவர்களுக்கு வேலையும் குறைவு.

உங்களால் இயன்ற தொகையைக் கொடுங்கள். ஒரு தட்டியின் முழுச் செலவையும் குடும்பமாகவோ நண்பர்கள் சேர்ந்தோ ஏற்றுக்கொண்டால் மிகவும் மகிழ்வோம். அப்படிக் கொடுப்பவர்களின் பெயரை, விருப்பமிருந்தால், தட்டியின் பின்பக்கச் சட்டத்தில் எழுதிவைப்போம். பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. மேடைத் தச்சு, கித்தான் தையல், படுதா ஓவியம் இவற்றில் பழக்கம் உள்ளவர்கள் சில நாட்கள் வந்து உதவினாலும் பெரிய காரியம். தங்கும் இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவு முழுவதையும் நன்கொடையாளர்கள் எல்லோருக்கும் அனுப்புவோம். காடு முடிந்த பிறகு மீதம் இருந்தால், அசல் படுதாக்களைத் தட்டையாக வைக்க ஈரப்பதம் காக்கும் அடுக்குகளுக்கு அது போகும். வேறு எதற்கும் எடுக்க மாட்டோம். முதல் தவணையாகத் துணியும் மரமும் வாங்க வேண்டியிருப்பதால், கொடுக்க நினைப்பவர்கள் சீக்கிரம் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

நன்றியுடன்,
அரங்கப் பாதுகாப்புக் குழுவினர்